அம்மாவின் வால்வும் அப்பாவின் காஞ்சொறியும்

அம்மாவின் கையிலிருந்து சூப் கரண்டி நழுவி விழுந்த அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை.

கரண்டி விழுவது பெரிய விஷயமில்லை. குனிந்து எடுக்கப் போனவளுக்கு வலது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. "பாரு, ஒண்ணுமில்ல" என்று சிரித்தாள். எங்கள் ஊர் டாக்டர் சிரிக்கவில்லை. ஆம்புலன்ஸில் ஏற்றி, ப்ளோவ்திவ் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார்.

அங்கே இதயத்தைத் திரையில் போட்டுப் பார்த்தார்கள். வால்வில் குறையே இல்லை. பிறக்கும்போது வந்த அதே வால்வு, நன்றாகத்தான் திறந்து மூடியது. ஆனால் அதன் ஓரத்தில் ஒரு ரத்தக்கட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் கதவிடுக்கில் மாட்டிய கந்தல் மாதிரி ஆடியது. அதிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனதால்தான் கரண்டி விழுந்தது. மிச்சமும் பிய்ந்தால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்ல ஆரம்பித்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஒரு வாரம் ஊசி மருந்தை ஏற்றிப் பார்த்தார்கள். கட்டி கரையவில்லை. இன்னும் நீண்டது.

இன்று ஆபரேஷன். நெஞ்சைத் திறந்து, இதயத்தை நிறுத்தி வைத்து, கட்டியைச் சுரண்டி எடுப்பார்கள். வால்வு தப்பித்தால் அவளுடையதே இருக்கும். கிழிந்தால் உலோக வால்வு.

அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டர் மிலேவா இதை விளக்கியபோது அப்பா மட்டும்தான் தெளிவாகக் கேட்டார். "எஞ்சின் வால்வுல கரி படிஞ்சா நாங்க வால்வத் தூக்கிப் போட மாட்டோம் டாக்டர். கரிய எடுத்துட்டு அதையே மாட்டுவோம். அப்படித்தானே?"

"அப்படித்தான். ஆனா உங்க எஞ்சின நீங்க மறுபடி ஸ்டார்ட் பண்ணலன்னா பஸ்ஸு சும்மா நிக்கும், அவ்வளவுதான்" என்றார் மிலேவா. நல்ல மனுஷிதான். நாக்குதான் கத்தி.

நான் விஹ்ரா. எங்கள் பரம்பரையிலேயே முதல் பட்டதாரி. படித்தது சட்டம். ஆனாலும் இந்த ஆஸ்பத்திரியில் யார் என்ன சொன்னாலும் அப்பாவும் அம்மாவும் உடனே என் முகத்தைப் பார்ப்பார்கள். பட்டம் வாங்கியவளுக்கு இதயம், நுரையீரல், ரயில் நேரம் எல்லாமே தெரியும் என்று அவர்களுக்கு எண்ணம்.

இன்று காலை நான் படியேறி வந்தது அம்மாவைப் பார்க்க மட்டுமல்ல. அப்பாவிடம் கத்துவதற்காகவும்தான்.

நேற்று மாலை வார்டின் சின்ன டாக்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டிருந்தார். அம்மாவின் ரத்தத்துக்கு உறையும் குணம் அதிகம். போன வருஷம் காலில் உறைந்தபோதே கண்டுபிடித்து, ஆயுள் முழுக்க மாத்திரை கொடுத்திருந்தார்கள். எனக்கு முன்னால் அவள் வயிற்றில் தங்காமல் போன குழந்தைகளுக்கும் இந்த ரத்தமே காரணமாக இருந்திருக்கலாம் என்றும் அப்போது சொன்னார்கள்.

"மாத்திரைய ஒழுங்கா போட்டிருக்காங்க. ஆனா மாத்திரை வேலையே செய்யல" என்றார் சின்ன டாக்டர். "கீரை ஏதாவது நிறைய சாப்பிட்டாங்களா? பச்சைக் கீரைல இருக்கற சத்து இந்த மாத்திரைய முறிச்சுடும்."

இல்லை என்றுதான் சொன்னேன். நான் தங்கியிருந்த விடுதிக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் ஞாபகம் வந்தது. பனி உருகியதிலிருந்து அப்பா ஃபோனில் பேசும்போதெல்லாம் பெருமையடித்த ஒரு விஷயம்.

"உங்கம்மாவுக்கு தெனமும் காஞ்சொறி சூப்பு வெக்கறேன். ரத்தத்த சுத்தம் பண்ணும். டிப்போ பின்னாடி வெயில் படற சரிவுல தளதளன்னு மொளைச்சிருக்கு. தொட்டா கொப்புளம் போடுந்தான், ஆனாலும் கையாலயே பறிக்கறேன். கையுறை போட்டுப் பறிச்சா அதோட சக்தி போயிடும்."

ரத்தத்தைச் சுத்தம் பண்ணுமாம். எங்கள் ஊரில் வசந்தம் வந்தால் ஆளாளுக்கு இதே பேச்சு. பஸ்ஸிலேயே பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்பாவிடம் கேட்க வேண்டியதை மனசுக்குள் வாக்கியம் வாக்கியமாக அடுக்கினேன். கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்வதுபோல.

வார்டு வாசலில் கால் வைத்தபோதே உள்ளே சண்டை கேட்டது.

"வெலிகா, அடம் பண்ணாதீங்க. ஆபரேஷன் ரூமுக்குள்ள கைல ஒரு நூல்கூட இருக்கக் கூடாது" என்று நர்ஸ் தஃபினா கத்தரிக்கோலோடு நின்றாள்.

அம்மா வலது மணிக்கட்டை இடது கையால் பொத்திக்கொண்டு படுத்திருந்தாள். உள்ளே மார்ச் முதல் தேதி அப்பா கட்டிவிட்ட சிவப்பு வெள்ளை நூல். எங்கள் ஊரில் பூத்த மரத்தையோ நாரையையோ பார்க்கிற வரைக்கும் அதை அவிழ்ப்பதில்லை; பார்த்ததும் அவிழ்த்துப் பூத்த கிளையில் கட்டுவோம். அதுவரை கையில் இருந்தால்தான் வருஷம் நல்லபடியாகப் போகும்.

"நான் இன்னும் ஒரு பூவும் பாக்கலயே. இந்த ஜன்னல்ல பாய்லர் ரூம் சுவருதான் தெரியுது."

"சுவத்துல பூ பூக்கற வரைக்கும் டாக்டர் காத்திருப்பாங்களா?"

"நீ மட்டும் சட்டைல குத்தி வெச்சிருக்கியே, அது என்ன?"

தஃபினா தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தாள். சிவப்பு வெள்ளைக் குஞ்சம் ஒன்று பெயர்ப் பட்டைக்குப் பக்கத்தில் ஆடியது. "நான் ஆபரேஷன் பண்ணிக்கப் போகலையே" என்றாள், கொஞ்சம் குரல் இறங்கி.

நான் நடுவில் புகுந்தேன். "அம்மா, உன் இதயத்துல கட்டி ஆடிக்கிட்டிருக்கு. நீ நூலுக்காகச் சண்ட போடற."

"கட்டி இருக்கறதாலதான்டி சண்ட போடறேன். சும்மா இருக்கற நாள்ல நானே வெட்டி எறிஞ்சிருப்பேன்."

இதற்கு என்ன சட்டம் பேசுவது? "அப்பா எங்க?" என்றேன்.

"பூ தேடப் போயிருக்காரு" என்றாள் அம்மா, அப்பா ரொட்டி வாங்கப் போயிருக்கிறார் என்பது மாதிரி.

தஃபினா கத்தரிக்கோலைப் பாக்கெட்டில் போட்டாள். "ஸ்ட்ரெச்சர் வர்ற வரைக்கும்தான் டைம். அதுக்கப்புறம் நான் கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். கத்துவதற்கு அப்பா இல்லை. அடுக்கி வைத்த வாக்கியங்களை அவளிடமே அவிழ்த்தேன்.

"அம்மா, உனக்கு இந்தக் கட்டி ஏன் வந்துச்சு தெரியுமா? அப்பா ஆக்கிப் போட்ட காஞ்சொறி. அந்தக் கீரை மாத்திரைய முறிச்சிருக்கு. அவரு வரட்டும், நான் ஒரு வழி பண்றேன்."

அம்மா நூலை உருட்டினாள். ஆச்சரியப்படவே இல்லை.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"மெதுவா பேசு."

"தெரியுமாம்மா?"

"போன வருஷமே டாக்டர் சொன்னாரு. கீரைய கொஞ்சமா, எப்பவும் ஒரே அளவா சாப்பிடணும்னு."

"தெரிஞ்சே சாப்பிட்டியா? தெனமும்? உனக்கு மூளை இருக்கா?"

"இருந்துச்சு. அதுலதான் துணுக்கு போய் அடைச்சுதாமே" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவள் என் கையைப் பிடித்து இழுத்துக் கட்டிலில் உட்காரவைத்தாள்.

"கேளு. நீ பொறக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் நான் வெறுங்கையோட ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு வந்தேன். உங்கப்பா ஒரு வார்த்த பேச மாட்டாரு. நேரா ஷெட்டுக்குப் போயிருவாரு. ஒரு கார்புரேட்டரக் கழட்டுவாரு, மாட்டுவாரு, மறுபடி கழட்டுவாரு. என்ன பண்றதுன்னு தெரியாது அந்த மனுஷனுக்கு. எனக்கு அவரு மேல கோவம். அழக்கூட மாட்டேங்கறாரேன்னு."

"சரி, அதுக்கு?"

"இந்த வருஷம் ஒரு நாள் திடீர்னு சமையல்கட்டுல நிக்கறாரு. கையெல்லாம் கொப்புளம். பாத்திரத்துல காஞ்சொறி, ஒரு புடி அரிசி, வால்நட்டு. தட்டுல ஊத்திக் குடுத்துட்டுப் பக்கத்துலயே நிக்கறாரு, நான் சாப்பிடறதப் பாத்துக்கிட்டு. இத்தன வருஷத்துல எனக்குன்னு செய்ய அவருக்கு ஒண்ணு கெடைச்சிருக்கு. அத எப்படிடி வேணாம்னு சொல்றது?"

"வாயத் தொறந்து சொல்றது! 'வேணாம்'னு! ஒரே ஒரு வார்த்த!"

"நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். ருசியா வேற இருந்துச்சு."

எனக்கு அவளை உலுக்க வேண்டும்போல இருந்தது. நெஞ்சில் அந்தக் கட்டியோடு படுத்திருப்பவளை எங்கே தொட்டு உலுக்குவது?

"உங்கப்பாகிட்ட சொல்லாத" என்றாள். "எனக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா சத்தியமா சொல்லாத. மிச்ச ஆயுசு பூரா அந்த ஷெட்டுலயே உக்காந்துடுவாரு."

"இது நியாயமே இல்லம்மா."

"நீ வக்கீல். நியாயத்தக் கோர்ட்டுல பாத்துக்க. வீட்டுல எனக்குச் சத்தியம் பண்ணிக் குடு."

பண்ணிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

அப்போதுதான் ஜன்னலுக்குக் கீழே யாரோ விசில் அடித்தார்கள். பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது டிப்போக்காரர்கள் அடிக்கிற விசில்.

ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். பாய்லர் அறைக்கும் எங்கள் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில், குப்பை டப்பாக்களுக்கு இடையில் அப்பா நின்றார். கையில் ஒரு பிளம் கிளை, முழுக்க வெள்ளைப் பூ. பக்கத்தில் வார்டைத் துடைக்கும் கின்கா அக்கா.

"மேல கொண்டு வர விட மாட்டேங்கறாங்க! இதய வார்டுக்குப் பூவு கூடாதாம்!" என்று கத்தினார்.

"எங்கேருந்து புடிச்ச?"

"ஒரு வீட்டு வேலி! அந்தம்மா தொடப்பத்தத் தூக்கிட்டு வந்துச்சு. 'பெண்டாட்டிக்கு ஆபரேஷன், கைல நூலு இருக்கு'ன்னேன். 'அந்தக் கிளை நோஞ்சான், இத எடு'ன்னு பெருசா ஒடிச்சுக் குடுத்துச்சு!"

கின்கா அக்கா தரை துடைக்கும் கம்பின் தலையைக் கழற்றினாள். இருவரும் கிளையைக் கம்பு நுனியில் கட்டினார்கள். அப்பாவின் பெல்ட்டால். கம்பு எங்கள் முதல் மாடி ஜன்னலுக்கு எட்டவில்லை. அப்பா குப்பை டப்பா மேல் ஏறினார்.

"ஸ்தாமென், எறங்குய்யா! நீ விழுந்தா எலும்பு வார்டு அடுத்த கட்டடம்!" என்றாள் கின்கா அக்கா, டப்பாவைப் பிடித்துக்கொண்டே.

தஃபினா சத்தம் கேட்டு வந்தாள். ஒரு நொடி வெளியே பார்த்தாள். பிறகு மருந்துக் கம்பத்தை நகர்த்தி, அம்மாவின் முதுகுக்குக் கை கொடுத்துத் தூக்கி உட்காரவைத்தாள்.

பாய்லர் அறையின் கரிபிடித்த சுவருக்கு முன்னால் வெள்ளைப் பூக்கள் மெதுவாக மேலே ஏறின. ஆடின. ஒரு பக்கம் சாய்ந்தன. கீழேயிருந்து அப்பாவின் குரல்: "தெரியுதா? வெலிகா, தெரியுதா?"

"தெரியுது!" என்றாள் அம்மா. "பேண்ட்டப் புடிங்க, விழப்போவுது!"

தஃபினா சிரித்துவிட்டாள். கத்தரிக்கோலை எடுக்கவில்லை. முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்த்து, நூலை என் உள்ளங்கையில் வைத்தாள். "பத்திரமா கொண்டுபோய் அந்தக் கிளைலயே கட்டு" என்றாள்.

ஸ்ட்ரெச்சர் வந்தது. லிஃப்ட் வாசலில் அப்பா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார், ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு. அம்மாவின் நெற்றியைத் தொட்டார். உடனே தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஸ்ட்ரெச்சர் போகிற வழியில் தரையில் கொட்டினார். வீட்டிலிருந்து யார் நல்ல காரியத்துக்குக் கிளம்பினாலும் எங்கள் ஊரில் வாசலில் இப்படித்தான் ஊற்றுவோம். காரியம் தண்ணீர் மாதிரி தடையில்லாமல் ஓட வேண்டும்.

"இப்பதானய்யா தொடச்சேன்!" என்று கத்திக்கொண்டே வந்த கின்கா அக்கா, ஸ்ட்ரெச்சரைப் பார்த்ததும் நின்றாள். "சரி சரி, ஊத்து. இன்னும் கொஞ்சம் ஊத்து."

லிஃப்ட் கதவு மூடுவதற்கு முன் அம்மா என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. கீழ்த்தளத்துக் காத்திருப்போர் அறை நாற்காலிகள் எல்லாம் ஒரே இரும்புக் கம்பியில் கோத்தவை. அப்பா கால் ஆட்டினால் எனக்கும் ஆடியது. சந்திலிருந்து எடுத்து வந்த பிளம் கிளையைக் காலி பாட்டிலில் நிறுத்தி, அதில் நூலைக் கட்டினேன்.

"இதயத்த நிறுத்திட்டாங்களா இப்ப?" என்றார்.

"நிறுத்தியிருப்பாங்க."

"அப்ப அவ எங்க இருப்பா?"

"மெஷின் ரத்தத்த ஓட்டும்ப்பா. தூக்கத்துல இருப்பா."

"மறுபடி ஸ்டார்ட் ஆகும்ல?"

"ஆகும்." எனக்கு என்ன தெரியும்? ஆனால் நான்தானே படித்தவள்.

தலையாட்டிக்கொண்டார். பிறகு காலடியில் இருந்த துணிப்பையை மடியில் எடுத்து வைத்தார். உள்ளேயிருந்து பச்சை வாசனை வந்தது.

"என்னப்பா அது?"

"பூ தேடறப்ப ஆத்தங்கரைல பாத்தேன். இளசு. ஆபரேஷன்ல ரத்தம் போயிருக்கும்ல, ஊற வேணாமா? அந்த நர்ஸுப் பொண்ணுகிட்ட அடுப்பு எங்கன்னு கேக்கணும்."

பை நிறையக் காஞ்சொறி. அவர் விரல்களில் பழைய தழும்புகளுக்கு மேலே புதிய கொப்புளங்கள், பட்டாணி பட்டாணியாக.

காலையில் அடுக்கி வைத்த வாக்கியங்கள் எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. இந்தப் பச்சைதான் அம்மாவை உள்ளே படுக்க வைத்தது, உன் சூப்புதான், உன் சக்திதான், உன் கையுறைதான். அவர் கொப்புளத்தை வாயால் ஊதிக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன். இதுவரை எந்தச் சண்டையிலும் நான் அப்படி மூடியதில்லை.

"இதெல்லாம் வார்டுல கூடாதுப்பா. பூவயே விடல, கீரைய விடுவாங்களா? ரூல்ஸு."

"எழுதியிருக்கா?"

"நான் வக்கீல். எனக்குத் தெரியாதா?"

நம்பிவிட்டார். அது இன்னும் கொடுமையாக இருந்தது. பையை வாங்கிக்கொண்டு போய் கின்கா அக்காவிடம் கொடுத்தேன். அவள் முகர்ந்து பார்த்துப் பூரித்துப்போனாள். "இளசா இருக்கே! எதுக்கு எனக்கு?" "கம்பு குடுத்தீங்கல்ல" என்றேன்.

அவள் கொடுத்த பனிட்சாவை, சீஸ் வைத்துச் சுட்ட ரொட்டியை, இரண்டாகப் பிய்த்து அப்பாவிடம் நீட்டினேன். அவர் வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். வெண்ணெய் விரலிடுக்கில் வழிந்தது. கடிக்கவில்லை.

கதவு திறந்தபோது இருவரும் ஒன்றாக எழுந்தோம். நாற்காலி வரிசையே கிறீச்சிட்டது.

டாக்டர் மிலேவாவின் முகக்கவசம் கழுத்தில் தொங்கியது. மூக்கில் அதன் தடம். சுவரில் சாய்ந்து நின்று, முதலில் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கட்டி முழுசா வந்துடுச்சு. உடையாம, ஒரே துண்டா. வால்வுல ஒரு கிழிசல் இல்ல. அது அவங்களோடதுதான்."

அப்பா என் முகத்தைப் பார்த்தார்.

"அம்மாவோட வால்வயே மாட்டிட்டாங்கப்பா" என்றேன். "ஸ்டார்ட் ஆயிடுச்சு."

அவர் உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த பனிட்சாவைப் பார்த்தார். பிறகு என் வாழ்க்கையில் நான் பார்த்திராத ஒன்றைச் செய்தார். சத்தம் போட்டு, வாய் கோண, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் தலையைச் சாய்த்தேன். அம்மா, நீ இதைப் பார்த்திருக்க வேண்டும்.

மிலேவா போகவில்லை. அப்பா அழுது முடிக்கும்வரை நின்றிருந்தார். பிளம் கிளையில் கட்டியிருந்த நூலை விரலால் ஒருமுறை சுண்டினார். பிறகு குரலை மாற்றிக்கொண்டார்.

"இது மறுபடி வரக் கூடாது. வந்தா அடுத்த தடவ இப்படி ஒரே துண்டா வராது. மாத்திரை ஒழுங்கா போட்டும் கட்டி வந்திருக்குன்னா காரணம் சாப்பாட்டுலதான் இருக்கு. அத நான் இன்னைக்கே தெரிஞ்சுக்கணும். வீட்டுல யாரு சமைக்கறது?"

"அம்மாதான்" என்றேன், அவசரமாக.

அப்பா சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தார். கடைசிக் கேள்வி மட்டும்தான் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். எழுந்து நின்று, நழுவிய பேண்ட்டை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, கொப்புளம் பூத்த மறு கையைப் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி உயர்த்தினார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"இல்ல டாக்டர். இந்த வருஷம் நான்தான்."